ஜக்குக்குள் போன அம்மன் பழம்

"சம்மர் கோக்டெய்ல் செய்யப் போறேன்" என்று என் கணவர் அறிவித்தபோது நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். நமக்கு எங்கே ஐயா சம்மர்? நாங்கள் இருக்கிற பிரிக்பீல்ட்ஸில் ஜனவரியும் ஒன்றுதான், ஜூலையும் ஒன்றுதான். வெயில் காயும், மழை கொட்டும், மறுபடி வெயில் காயும். ஆனால் மனிதர் ஏதோ ஒரு வெள்ளைக்காரன் தோட்டத்தில் நின்று எலுமிச்சம்பழம் பிழிகிற வீடியோவைப் பார்த்துத் தொலைத்துவிட்டார். அன்றோடு வீட்டில் நிம்மதி போச்சு.

சுடுதண்ணீர் வைக்கச் சொன்னால் கேத்தல் எங்கே என்று கேட்கிற ஆள் அவர். அவர் போய்க் குலுக்குகிற குவளை வாங்கினார், ஐஸ் இடிக்க மரக்கட்டை வாங்கினார், ஆரஞ்சுத் தோலை மெல்லிசாகச் சீவ தனியாக ஒரு கத்தி வாங்கினார். புதினாவுக்கு மட்டும் காசு செலவழிக்க மனசு வரவில்லை போலிருக்கிறது, பால்கனியில் நான் வளர்த்த செடியை மொட்டையடித்துவிட்டார். ஜின் போத்தலை அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார். அவர் அம்மா வந்திருந்ததே காரணம்.

என் மாமியார் கிள்ளானில் மூத்த மகன் வீட்டில் இருக்கிறார். மாதத்தில் ஒரு ஞாயிறு கொம்யூட்டர் ரயிலேறி எங்கள் வீட்டுக்கு வருவார். ஒரு ராத்திரி தங்கிவிட்டுப் போவார். வரும்போதெல்லாம் கையில் ஓர் எலுமிச்சம்பழம் இருக்கும். அம்மன் பாதத்தில் வைத்து எடுத்தது, மஞ்சள் குங்குமம் பூசியது, கைக்குட்டையில் பத்திரமாகச் சுற்றியது. அது எனக்கு. மறுநாள் காலையில் குளித்துவிட்டு வெறும் வயிற்றில், தோலோடு கொட்டையோடு நான் அதைத் தின்ன வேண்டும். தின்றால் குழந்தை பிறக்கும்.

எங்களுக்குக் குழந்தை இல்லை. அதைச் சுற்றி வளைத்துச் சொல்வது எனக்குப் பிடிக்காது. பார்க்காத டாக்டர் இல்லை, போடாத ஊசி இல்லை. கடைசி முறையும் கைவிட்டுப் போனபோது, போதும் சாமி என்று நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து முடிவு பண்ணினோம். அழுதேன், தூங்கினேன், எழுந்து பங்சாருக்கு ஆபீஸ் போனேன். இதை அம்மாவிடம் மகன் சொல்ல வேண்டும் என்பதுதான் பேச்சு. "சமயம் பார்த்துச் சொல்றேன்லா" என்றார் அந்த மகராசன். அவருக்குச் சமயம் வரவேயில்லை. பழம் மட்டும் மாதம் தவறாமல் வந்தது. நானே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பேன். கைக்குட்டையைப் பிரிக்கும்போது அந்த அம்மா முகத்தைப் பார்த்தால் வாய் தானாக மூடிக்கொள்ளும். பல் கூச, கண்ணில் தண்ணீர் வர, தின்று தீர்ப்பேன்.

அந்த ஞாயிறும் அப்படித்தான். பழத்தை பிரிட்ஜில் முட்டைத் தட்டில் வைத்தார். "நாளைக்குக் காலையில, மறந்துடாதம்மா" என்றார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அறைக்குள் போய்ப் படுத்தார். அம்மா குறட்டை விடட்டும் என்று காத்திருந்த மகன் அரிசி டின்னை நகர்த்தினார்.

ருசி பார்ப்பதற்கென்றே செராஸிலிருந்து அவருடைய நண்பர் ஒருவர் வந்திறங்கினார். கல்யாணம் ஆகாதவர், நல்ல மனுஷன், அவருக்கு முன்னால் அவர் வயிறு நடந்து வரும். ஐஸ் பத்தாது என்று என்னைக் கீழே கடைக்கு விரட்டினார்கள். நான் ஐஸ் மூட்டையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தபோது ஜக்கு நிறைந்து மேஜைமேல் நின்றது. மேலே புதினா மிதந்தது. நண்பர் கையில் காலி கிளாஸ்.

"அண்ணி, பவர்லா!" என்றார் நண்பர்.

கணவருக்குத் தலைகால் புரியவில்லை. "பாசார்ல வாங்கின பழமெல்லாம் காஞ்சு கருவாடா போச்சு. பிழிஞ்சா சாறே வரல. நல்ல வேளை, பிரிட்ஜுல ஒன்னு இருந்துச்சு. என்னா சாறுங்கற!"

ஐஸ் மூட்டையைக் கீழே வைக்காமலே கேட்டேன். "பிரிட்ஜுல எங்க இருந்துச்சு?"

"முட்டைத் தட்டுல. குங்குமம் பூசியிருந்துச்சு. நல்லா தேச்சுக் கழுவிட்டேன், பயப்படாத."

"ஏங்க, குங்குமத்தப் பார்த்தும் புத்தி வரலையா உங்களுக்கு?"

"போன வாரம் புதுக் காருக்குப் பூஜை போட்டோம்ல? டயருக்கு வெச்சது போக மிஞ்சினதுன்னு நெனச்சேன்."

இந்த மனுஷனை என்ன செய்வது, நீங்களே சொல்லுங்கள். நான் ஐஸ் மூட்டையை அவர் காலில் போடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது அறைக்கதவு திறந்தது. மாமியார் தலைமுடியை முடிந்துகொண்டே வந்தார். "என்ன பழம்?" என்றார்.

அவர் நேராக சிங்க்குக்குப் போனார். பிழிந்துபோட்ட தோல் இரண்டையும் எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். ஒன்றின் ஓரத்தில் இன்னும் கொஞ்சம் மஞ்சள் ஒட்டிக்கொண்டிருந்தது.

"யார் யார் குடிச்சது?"

நண்பர் மெதுவாகக் கையைத் தூக்கினார். மாமியார் அவருடைய வயிற்றை ஏற இறங்கப் பார்த்தார். "ஆன்டி, நான் ஒரு கிளாஸ்தான் குடிச்சேன், சத்தியமா" என்று நண்பர் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இந்த நேரத்திலா என்று உதட்டைக் கடித்தேன்.

"மிச்சம் இருக்குல்ல" என்று ஜக்கைக் கையில் எடுத்தார் மாமியார். "இதுல வேற என்ன இருக்கு?"

"புதினா, சீனி, சோடாம்மா" என்றார் மகன்.

"அப்புறம்?"

"அப்புறம்... ஜின்."

"அப்படின்னா?"

"தண்ணி மாதிரிதான்மா இருக்கும். ஆனா தண்ணி இல்ல."

அவ்வளவுதான், இன்றைக்கு வீடு இரண்டாகப் போகிறது என்று நினைத்தேன். மாமனார் குடித்துக் குடித்தே போய்ச் சேர்ந்தவர். போத்தலைக் கண்டாலே சாமியாடுகிற அம்மா இவர். ஒரு கையில் ஜக்கு, ஒரு கையில் பழத்தோல், அசையாமல் நின்றார். உள்ளே அம்மனும் இருக்கிறாள், சாராயமும் இருக்கிறது. கீழே ஊற்றவும் முடியாது, ஒரு சொட்டு சிந்தினாலும் பாவம்.

கடைசியில் தீர்ப்பு வந்தது. "முனியாண்டிக்குப் படைக்கிறதில்லையா? அந்த மாதிரிதான்" என்று சொல்லி ஒரு கிளாஸ் நிறைய ஊற்றி என் முன்னால் நீட்டினார். "அம்மன் பேரச் சொல்லிக் குடிம்மா."

கிளாஸைப் பார்த்தேன், அவர் முகத்தைப் பார்த்தேன். கை நீளவில்லை. "அத்தை, நாங்க நிறுத்திட்டோம்" என்றேன். "இனிமே வேணாம்னு முடிவு பண்ணிட்டோம். வைத்தியம், ஊசி எல்லாத்தையும் விட்டாச்சு. பழமும் வேணாம் அத்தை."

நண்பர் சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் ராகுகாலம் எமகண்டமெல்லாம் படிக்க ஆரம்பித்தார். கணவர் மரக்கட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

மாமியார் கிளாஸை மேஜைமேல் வைத்தார். "தெரியும்" என்றார்.

"எப்படி?"

"போன தடவ நீ தின்னப்ப உன் மூஞ்சியப் பார்த்தேன். வேண்டிக்கிட்டுத் திங்கிறவ மூஞ்சியா அது? எனக்காக முழுங்கற."

எனக்குக் கோபம்தான் முட்டிக்கொண்டு வந்தது. "தெரிஞ்சுமா இன்னைக்கும் கொண்டாந்தீங்க? ஏன் அத்தை?"

அவர் பழத்தோலை விரலால் நசுக்கிக்கொண்டே இருந்தார். "பழம் இல்லாம நான் என்னன்னு சொல்லிட்டு இங்க வர்றது? அங்க பெரியவன் வீட்டுல அடுப்ப விட்டு நகரணும்னா ஒரு காரணம் கேப்பாங்க. சின்ன மருமகளுக்கு அம்மன் பழம்னா யாரும் வாயத் தொறக்க மாட்டாங்க. இங்க வந்தாத்தான் மத்தியானம் ஒரு மணி நேரம் படுக்கிறேன்" என்றார். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

இந்த ஆறாத கோபம் யார்மேல் என்று எனக்குத் தெரியவில்லை. கைக்கு எட்டிய கணவர்மேல் காட்டினேன். அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசத் துப்பில்லை, ஆரஞ்சுத் தோல் சீவ மட்டும் கத்தி வேண்டுமாக்கும் என்று நான் போட்ட போடு செராஸ் வரைக்கும் கேட்டிருக்கும். "அத்தை, நீங்க சும்மா வாங்க. யார் கேட்டாலும் என் மருமக கூப்பிட்டான்னு சொல்லுங்க" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன்.

அவர் அழவில்லை. எனக்கு ஊற்றிய கிளாஸைத் தூக்கி மோந்து பார்த்தார். ஒரு வாய் குடித்தார். "உப்பு பத்தலடா" என்றார் மகனிடம். மகன் ஓடிப்போய் உப்பு எடுத்து வந்தார்.

மறு மாதம் ஞாயிற்றுக்கிழமை காலையில் மணி அடித்தது. கதவைத் திறந்தேன். மாமியார் நின்றார். தோளில் துணிப்பை தொங்கியது. கைக்குட்டை இல்லை, பழம் இல்லை. இரண்டு கையையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"உள்ள வரலாமா?" என்று கேட்டார்.

இத்தனை வருஷத்தில் அந்த வாசலில் அவர் கேட்டுக்கொண்டு நுழைந்ததே கிடையாது. "என்ன கேள்வி அத்தை இது!" என்று கத்தினேன். எதிர்வீட்டுக்காரர் என்ன சண்டையோ என்று கதவைத் திறந்து பார்த்தார்.