கல்யாண பாட்டில்

என் கணவர் போட்ட ஒயினில் ஒரே ஒரு வாய் வேண்டும். மூன்று வருஷமாக எனக்கு இருந்த ஆசை இதுதான். வெளியே சொன்னால் சிரிப்பார்கள், இல்லை சர்ச்சில் ஜெபக் குறிப்பில் போட்டுவிடுவார்கள். அதனால் யாரிடமும் சொன்னதில்லை.

எங்கள் வீட்டில் ஒயின் என்றால் கிறிஸ்துமஸுக்குப் போடுவது. நவம்பர் நடுவில் ஒரு சனிக்கிழமை இரண்டு பேரும் தெருமுனை ஆட்டோவில் ஏறி, மேம்பாலத்து நெரிசலில் நின்று நின்று போய், தாம்பரம் மார்க்கெட்டில் ஐந்து கிலோ பன்னீர் திராட்சை வாங்கி வருவோம். ஆட்டோக்காரர் எப்போதும் ஒருவரே. "இன்னா சார், சரக்கு போட ஆரம்பிச்சாச்சா?" என்று கண்ணாடியில் பார்த்துக் கேட்பார். கணக்கு வாத்தியாரான என் கணவரை அப்படிக் கேட்கிற தைரியம் அவர் ஒருவருக்குத்தான் இருந்தது. கிறிஸ்துமஸ் அன்று அவர் வீட்டுக்கும் ஒரு பாட்டில் போகும்.

அளவு என்னுடையது, கை அவருடையது. திராட்சையைக் கழுவி, ஃபேனுக்குக் கீழே வேட்டித் துணியில் பரப்பி, ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் காயவைப்பேன். சர்க்கரை, கிராம்பு, பட்டை, ஒரு பிடி கோதுமை, ஈஸ்ட் எல்லாம் நான் அளந்து வைப்பேன். அவர் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவி, ஆபரேஷனுக்குப் போகிறவர் மாதிரி கையைத் தூக்கிக்கொண்டு வருவார். ஜாடிக்குள் கையை விட்டுப் பிசைய ஆரம்பித்தால் ஒரு மணி நேரம் ஆகும். கடைசி நாலைந்து வருஷம் காய்ந்த ஆரஞ்சுத் தோலையும் எனக்குத் தெரியாமல் உள்ளே போட்டார். தெரிந்த அன்று நான் ஆடின ஆட்டத்தைத் தெருவே கேட்டது. ஆனால் வாசனை நன்றாகத்தான் இருந்தது, அதை அவரிடம் ஒப்புக்கொள்ளவில்லை.

இருபத்தொரு நாள் கழித்து வடிகட்டி, பாட்டிலில் அடைத்தால் புது ஒயின். போன வருஷத்து ஒயின் ஒரு பாட்டிலும் எடுத்து வைத்திருப்போம். கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்து வந்ததும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றுவேன். புதிது கத்திரிப்பூ நிறத்தில் இருக்கும், நாக்கில் குத்தும், லேசாக ரொட்டிக்கடை வாசனை வரும். ஒரு வருஷம் ஆனதுக்குச் செங்கல் நிறம் தட்டியிருக்கும். குத்தல் போய், உருண்டையாக இறங்கும். கண்ணை மூடிக்கொண்டு மோந்தாலே எனக்குத் தெரிந்துவிடும். அவருக்கு எத்தனை வருஷம் சொல்லிக்கொடுத்தும் தெரியவில்லை. புதியதைக் குடித்துவிட்டு "ஆஹா, பழசு பழசுதான்" என்பார். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று கேட்பேன். அந்தக் கழுதைக்குத்தானே கழுத்தை நீட்டினே என்பார்.

இதெல்லாம் தவிர பீரோவுக்குள், என் கல்யாணப் புடவைக்குப் பக்கத்தில், ஒரு பாட்டில் இருந்தது. எங்கள் கல்யாணத்துக்கு என் அம்மா போட்ட ஒயின் அது. கேக் வெட்டி, மணமக்கள் ஒரே கிளாஸில் குடிக்க வேண்டுமென்று அதைத்தான் ஊற்றினார்கள். மீந்ததில் ஒரு பாட்டிலை மெழுகு உருக்கி மூடி, இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு என்று அம்மா என் கையில் கொடுத்தாள். அடுத்த வருஷமே அம்மா போய்விட்டாள். அதனால் அந்த பாட்டிலை நான் தொடவே மாட்டேன். துடைத்து வைப்பதெல்லாம் அவர்தான்.

இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு மூன்று மாதம் இருந்தபோது அவரும் போய்விட்டார். பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்கூட உயிர் நிற்கவில்லை. அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவர் போட்ட ஒயினைப் புத்தாண்டுக்குள் ஊருக்கெல்லாம் கொடுத்து முடித்திருந்தோம். அடுத்த வருஷத்துக்கு என்று எடுத்து வைக்கிற பாட்டிலையும் காணோம், அதையும் அவர் யாருக்கோ கொடுத்துவிட்டார் என்று நினைத்தேன். காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் அடுப்படியில் காலி பாட்டில்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்தேன். ஒன்றிலும் ஒன்றும் இல்லை. கழுவித் துடைத்து வைத்தது நான்தான், யாரைக் கோபித்துக்கொள்வது?

அந்த நவம்பரில் நானே போட்டேன். அதே ஜாடி, அதே அளவு, ஆரஞ்சுத் தோலைக்கூட மறக்கவில்லை. நானே பிசைந்தேன். வந்தது ஒயின்தான், ஆனால் அவருடையது இல்லை. என்ன குறை என்று சொல்லத் தெரியவில்லை. மகள் நன்றாக இருக்கிறது என்றாள். நான் மொத்தத்தையும் அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டு ஜாடியைப் பரணில் ஏற்றினேன்.

மகளுக்கு நாவலூரில் வேலை. இந்த ஏப்ரலில் அவள் ஆபீஸ் பக்கத்து ஹோட்டலில் ஒயின் ருசி பார்க்கும் நிகழ்ச்சி என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். நீளமான மேஜை, வெள்ளை விரிப்பு, வாயைக் கொப்பளித்துத் துப்ப ஒரு வாளி. காசு கொடுத்து வாங்கியதைத் துப்புவதா என்று கேட்டேன். மகள் மேஜைக்குக் கீழே என் காலை மிதித்தாள்.

முதலில் போன வருஷத்துச் சிவப்பு ஒயின். அதில் திராட்சை முன்னால் வந்து நின்றது. பிறகு பதினைந்து வருஷம் ஆனது என்று ஒன்றை ஊற்றினார்கள். ஓரத்தில் செம்மண் நிறம். வாயில் வைத்தால் திராட்சையே இல்லை. பேரீச்சம்பழம், வெற்றிலைக் கடைப் புகையிலை, மழைக்காலத்தில் திறந்த மரப்பெட்டி, இப்படி என்னென்னவோ மெதுவாக வந்து போயின. விழுங்கின பிறகும் வந்துகொண்டே இருந்தது. வாளியில் துப்பாதது நான் ஒருத்திதான்.

ஊற்றிக்கொண்டிருந்த பையனிடம் என் பாட்டிலைப் பற்றிச் சொன்னேன். "எல்லா ஒயினும் வெச்சா நல்லாயிடாது ஆன்ட்டி," என்றான். "வீட்ல போட்டதெல்லாம் சீக்கிரமே குடிச்சிடணும். நம்ம ஊர் வெயிலுக்குப் புளிச்சுடும்."

எங்கள் அம்மாவின் கையைப் பற்றி இவனுக்கு என்ன தெரியும்? வண்டலூர் வழியாகத் திரும்பி வரும்போது காரில் மகளிடம் பொரிந்து தள்ளினேன். ஆனால் அந்தப் பழைய ஒயின் நாக்கைவிட்டுப் போகவே இல்லை. அன்றைக்குத்தான் தோன்றியது. அவர் போட்டது இல்லாவிட்டால் போகட்டும். கல்யாணத்தன்று அவர் உதடு பட்ட அதே ஒயின் வீட்டில் இருக்கிறதே. இருபத்தாறு வயதில், கோட்டு கொடுத்த வேர்வையோடு, அவர் குடித்துவிட்டு என்னிடம் நீட்டினாரே, அதையாவது ஒரு வாய் குடிக்கலாம். எனக்கு அவர் எந்த வயதில் கிடைத்தாலும் போதும் என்றிருந்தது.

மே மாதம், எங்கள் இருபத்தெட்டாவது கல்யாண நாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மகள் மெழுகைச் சுரண்டித் தக்கையை எடுத்தாள். இரண்டு கிளாஸில் ஊற்றினாள். ஊற்றும்போதே கவனித்தேன். அந்த நிறம் இருபத்தெட்டு வயது நிறம் இல்லை. ஓரத்தில் மட்டும் செங்கல், நடுவில் இன்னும் கருஞ்சிவப்பு. மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனேன், ஆரஞ்சுத் தோல்.

குடித்தேன். அவருடையதுதான். சந்தேகமே இல்லை. ஆனால் இப்படி நான் குடித்ததில்லை. அவர் போட்டது எதுவும் எங்கள் வீட்டில் மூன்று வயது வரைக்கும் தங்கினதில்லை. கிராம்பின் காரம் அடங்கி, இனிப்பு இறங்கி, ஆரஞ்சு மட்டும் கடைசியில் வந்தது. இருபத்தைந்து கிறிஸ்துமஸ் அவர் போட்டுக் குடித்ததில் இதுதான் உசத்தி என்று அடித்துச் சொல்வேன். மூன்று வருஷம் நான் ஏங்கினது என் புடவைக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறது. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அம்மாவின் ஒயின் எங்கே? இந்த மனுஷன் திருட்டுத்தனமாகக் குடித்துத் தீர்த்துவிட்டாரா?

கேட்க ஒரு ஆள்தான் உண்டு, அவரோடு எல்லாம் பேசுகிற ஆட்டோக்காரர். தெருமுனையில் ஆட்டோவுக்குள் காலை நீட்டிப் படுத்திருந்தார். பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நான் போய் நின்றதும் எழுந்து உட்கார்ந்தார்.

"இன்னாக்கா, கல்யாண பாட்டிலா? இப்பதான் தொறந்தீங்களா?"

"இதுக்குள்ள இருந்தது எங்க போச்சு?"

"சார் சொல்லக்கூடாதுன்னாரு." தலையைச் சொறிந்தார். "இனிமே சொன்னா இன்னா. சாரோட கடைசி கிறிஸ்துமஸுக்கு முன்னாடி நீங்க சர்ச்சுக்குப் பாட்டு ப்ராக்டீஸ் போயிருந்தீங்க. சார் என்னைக் கூப்டாரு. கல்யாண நாளன்னிக்கு நாலு பேரு முன்னாடி தொறந்து நல்லா இல்லைன்னா அவளுக்கு அசிங்கமாப் பூடும், முன்னாடியே பாத்துரலாம்னாரு. தொறந்தா மூக்குல ஏறுதுக்கா. சுத்தமா காடி. கொய்யா மரத்தாண்ட ஊத்திட்டாரு."

அந்த ஹோட்டல் பையன் சொன்னது சரிதான்.

"அப்பால பாட்டில வெந்நீர்ல கழுவி, அந்த வருஷம் போட்டதுல எடுத்து வெச்ச பாட்டில ஊத்தி, அவரேதான் மெழுகு உருக்கி மூடுனாரு. நான் மெழுவத்தி புட்சிகினு நின்னேன்."

"எனக்கு ஒரு வாய்ல தெரிஞ்சிடும்னு அவருக்குத் தெரியாதா?"

"நானும் அத்தயேதான் கேட்டேன்." அவர் என்னைப் பார்க்காமல் ஹேண்டில்பாரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "தெரியட்டும்பா, திட்டுவா. அம்மா ஒயினு வீணாப் பூச்சேன்னு அழுவறதுக்கு, என்னத் திட்டிகினு இருக்கட்டும். நான் பக்கத்துல தானே குந்திகினு இருக்கப்போறேன்னாரு."

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "மீதியை ஃப்ரிட்ஜ்ல வைக்கட்டுமாம்மா? கொஞ்சம் கொஞ்சமா குடிக்கலாம்," என்றாள். வேண்டாம் என்றேன். வைத்து வைத்துப் பார்த்தது போதும். அவள் இரண்டு வாயோடு நிறுத்திக்கொண்டாள். மற்றதை நான் குடித்தேன். அடியில் மண்டி கலங்கி வந்தது, அதையும் விடவில்லை.

அதற்குப் பிறகு அவரைத் திட்ட ஆரம்பித்தேன். எங்கள் அம்மா போட்டதை என்னைக் கேட்காமல் மரத்தடியில் கொட்ட நீங்கள் யார் என்று கேட்டேன். புளித்திருந்தால் புளித்ததைக் குடித்திருப்பேனே என்றேன். பக்கத்தில் இருக்கப்போகிறேன் என்று ஆட்டோக்காரரிடம் சொன்னீர்களே, அந்த வாக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன். மகள் தடுக்கவில்லை. முன்பெல்லாம் நான் இப்படித் திட்டினால் நடுவில் அவர் ஏதாவது ஒன்று சொல்வார், எனக்குச் சிரிப்பு வந்துவிடும், அதோடு முடிந்துவிடும். அன்றைக்கு எப்படி நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை.