இறங்கிய முள்

என் பெரியம்மா ஆசைப்பட்டுக் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர் இல்லை. பெரியப்பாவின் சிறுநீரகங்கள் கைவிட்ட பிறகு, வாரம் மூன்று முறை அவரை ரத்தச் சுத்திகரிப்புக்கு அழைத்துப்போக வீட்டில் வேறு ஆள் இல்லை. கேஸ் அடுப்பைப் பற்றவைக்கும்போதே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர் அவர். அப்படிப்பட்டவர் ஐம்பது வயதுக்கு மேல் ஸ்டியரிங்கைப் பிடித்தார். கார் அதற்கும் முன்பே கிழடு தட்டிப்போயிருந்தது.

கொஞ்ச நாளாக இன்ஜினின் வெப்பம் காட்டும் முள் பாதியைத் தாண்டி ஏறத் தொடங்கியிருந்தது. முள் ஏறினால் பெரியம்மாவின் தோள்களும் ஏறும். துணைக்கு வந்து பின் இருக்கையில் இருக்கும் எனக்கு அவர் கழுத்தே தெரியாது. பெரியப்பாவோ ஜன்னல் பக்கம் திரும்பி, "எனக்கு ஒரு நாளைக்கு ரெண்டு டம்ளர்தான் தண்ணி. இந்தக் காருக்கும் அளவு வெச்சிட்டாங்களோ என்னவோ" என்பார். பெரியம்மா சிரிக்க மாட்டார்.

காரை மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். அவர் சலிக்காமல் பார்த்தார். தண்ணீர் சூடானதும் திறந்து வழிவிட வேண்டிய தெர்மோஸ்டாட்டை மாற்றினார். ரேடியேட்டர் மூடியை மாற்றினார். இன்ஜினை ஓடவிட்டு, விசிறி தானாகச் சுற்றுகிறதா என்று பக்கத்திலேயே நின்றார். சுற்றியது. தண்ணீரும் நிறைவாகவே இருந்தது.

"நிறுத்துற இடத்துல ஏதாவது சொட்டுதா, அக்கா?"

பெரியம்மா வாயைத் திறப்பதற்குள் பெரியப்பா பதில் சொன்னார். "ஒரு சொட்டு கிடையாது. தினமும் காலையில தண்ணி பாக்குறது நான்தானே? வீட்ல எனக்குன்னு மிச்சம் இருக்குற ஒரே வேலை."

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டார். "அப்ப அடுத்த தடவை இன்ஜினைப் பிரிச்சுத்தான் பாக்கணும். வண்டி வாரக்கணக்குல இங்க கிடக்கும்."

"கிடந்தா இவரை எப்படிக் கூட்டிட்டுப் போறது?"

"அதனாலதான் யோசிக்கிறேன். நீங்க ரோட்டைப் பாத்து ஓட்டுங்க அக்கா, முள்ளையே பாக்காதீங்க." போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். "ஏறினா ஓரமா நிறுத்துங்க. ஏறின முள் ஓடும்போதே மளமளன்னு இறங்கினா, அப்பவும் நிறுத்துங்க. அது நல்லதுக்கில்ல. உள்ள தண்ணி இல்லைன்னா முள்ளுக்கு எதைத் தொட்டுச் சூடு தெரியும்?"

அடுத்த முறை போகும்போது பெரியப்பா வழக்கத்தைவிடப் பேச்சைக் குறைத்திருந்தார். மேம்பாலத்தில் ஏறும்போதே முள் பாதியைத் தாண்டிவிட்டது. பாலத்தில் ஒதுங்க இடமில்லை. பின்னால் லாரி ஒன்று விடாமல் ஹாரன் அடித்தது. பெரியம்மாவின் மேலுதட்டில் வியர்வை அரும்பியது. முள் சிவப்பைத் தொட்டது.

பிறகு இறங்கியது.

"அப்பாடா!" என்றார் பெரியப்பா. "பாத்தியா, ஒண்ணுமில்ல. அதுவே சரியாயிடுச்சு."

எனக்கும் மூச்சு வந்தது. ஆனால் பெரியம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. பாலத்தின் இறக்கத்தில் கியரை விடுவித்து, வண்டியை உருட்டியபடியே ஓரத்துக்குக் கொண்டுவந்து சாவியைத் திருப்பினார். இன்ஜின் அடங்கியதும் முன்பக்கத்திலிருந்து ஒரு தித்திப்பான, கருகின வாடை உள்ளே வந்தது. சூடேறிய இரும்பு டிக் டிக் என்று சுருங்கிக்கொண்டிருந்தது.

பெரியம்மா மெக்கானிக்குக்கு போன் செய்தார். மருத்துவமனைக்கும் செய்தார். பிறகு இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, முன்கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டார். "காலையில தண்ணி பாத்தீங்களா?"

பெரியப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஏங்க, உங்களைத்தான்."

"சொட்டுது," என்றார் பெரியப்பா. "ரொம்ப நாளா. ராத்திரி வண்டி ஆறினதும் சொட்டும் போல. விடியும்போது கூலன்ட் கலந்த தண்ணி கீழ பச்சையா நிக்கும். நீ எழுந்திரிக்கிறதுக்குள்ள துடைச்சிட்டு, குறைஞ்சதை ஊத்தி வெச்சிடுவேன்."

"மெக்கானிக் கேட்டாரே! என் முன்னாடிதானே இல்லைன்னு சொன்னீங்க?"

"நீ முன்னாடி நின்னதாலதான் அப்படிச் சொன்னேன். சொட்டுதுன்னு தெரிஞ்சா நீ பயந்துட்டு வண்டியைத் தொட மாட்டேன்னு சொல்லிட்டா? அப்புறம் என்னை யாரு கொண்டு போவா?"

பெரியம்மா கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. அவர் விரல்கள் புடவைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தன. "சரி. இன்னிக்கு ஏன் ஊத்தல?"

"கேனைத் தூக்க முடியல. துடைப்பானை வெச்சு நின்னபடியே துடைச்சிட்டேன். குனிஞ்சு தூக்கினா..."

"தூக்கினா?"

"மூச்சு முட்டுது."

லாரிகள் கடந்து போகும்போதெல்லாம் கார் அதிர்ந்தது. பெரியம்மா மெல்லத் திரும்பி, அந்தக் காரில் ஏறியதிலிருந்து முதல் முறையாக அவரை முழுதாகப் பார்த்தார். குனிந்து அவருடைய கால்சட்டை ஓரத்தை விலக்கினார். கணுக்கால் இருக்க வேண்டிய இடத்தில் நீர் கோத்து, மேடு பள்ளமே இல்லை. கட்டைவிரலால் அழுத்தி எடுத்தார். குழி அப்படியே நின்றது.

"இதையும் துடைச்சு வெச்சிருக்கீங்க," என்றார்.

மெக்கானிக் தன் வேனில் வந்து சேர்ந்தார். பானெட்டைத் திறந்து, பெரியப்பா சொன்னதைக் கேட்டதும் டார்ச்சை நேராக வாட்டர் பம்ப்பின் அடியில் அடித்தார். அங்கே பச்சைக் கறை படிந்திருந்தது. "இதை மொதல்லயே சொல்லியிருந்தா அன்னிக்கே மாத்தியிருப்பேனே, சார். நல்லவேளை, அக்கா உடனே அணைச்சாங்க." மேலே பேசப்போனவர், பெரியப்பா மூச்சு வாங்குவதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "வண்டி இங்கயே கிடக்கட்டும். ஏறுங்க."

வேனில் பெரியம்மா பெரியப்பாவின் முதுகில் கை வைத்து, ஒவ்வொரு மூச்சும் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தார். சிக்னலில் வேன் நின்றபோதெல்லாம் அவர் உதடுகள் எதையோ வேண்டி அசைந்தன.

மருத்துவமனையில் நர்ஸ் எப்போதும் கேட்பது போலவே கேட்டார். "எப்படி இருக்கீங்க, சார்?"

"நல்லா..." என்று தொடங்கினார் பெரியப்பா.

"இல்ல," என்றார் பெரியம்மா. யாரையும் இடைமறித்துப் பேசியறியாதவர் அவர். "கால் ரெண்டும் வீங்கியிருக்கு. குனிஞ்சா மூச்சு முட்டுது. எத்தனை நாளான்னு தெரியல, எங்கிட்ட மறைச்சிட்டாரு. டாக்டரைக் கூப்பிடுங்க."

நர்ஸ் கால்களைப் பார்த்தார். அடுத்த நொடி போனை எடுத்தார். பெரியப்பா கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். பெரியம்மா அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.