மூலவர் இல்லாத மலை

நினைவுச் சின்னத்தில் வழிகாட்டியாக இருப்பது என்றால், செத்தவர்களுக்காக உயிரோடு இருப்பவர்களிடம் தொண்டை வறளச் சண்டை போடுவது. நீங்களும் ஏதாவது ஒரு கவுண்டருக்குப் பின்னால் நின்று "அது இங்கே இல்லைங்க" என்று நாள் முழுக்கச் சொல்லிக் களைத்தவர் என்றால், வாருங்கள், நாம் ஒரே ஜாதி.

வாரநாட்களில் நான் எம்.ஏ. வரலாறு படிக்கிறேன். சனி, ஞாயிறுகளில் சின்ன காஞ்சிபுரத்திலிருந்து ஸ்கூட்டியைக் கிளப்பிக்கொண்டு முசரவாக்கம் தாண்டி ஒரு மொட்டைக் குன்றுக்குப் போகிறேன். ஊரில் அதை மலை என்றுதான் சொல்வார்கள். நானும் சொல்லிவிட்டுப் போகிறேன். வெள்ளைக்காரன் உலகப்போரில் மூழ்கியிருந்த நேரத்தில், அவனுடைய தந்திக் கம்பிகளை அறுத்துவிட்டு இந்த மலையில் வந்து ஒளிந்த ஐந்து இளைஞர்களைப் போலீஸ் சுற்றி வளைத்துச் சுட்டது. உடல்களை வீட்டாரிடம் கொடுக்கவில்லை, இங்கேயே எரித்துவிட்டார்கள். உச்சியில் ஒரு கருங்கல் பலகை நிற்கிறது. அதில் ஐந்து பேருடைய பெயர்கள், ஒன்றன்கீழ் ஒன்றாக. நினைவுச் சின்னம் அவ்வளவுதான். அதைக் காட்டிக் கதை சொல்வது என் வேலை.

வெறுங்கால்

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். கூரத்திலிருந்து ஒரு விவசாயக் குடும்பம் வந்தது. செருப்பையெல்லாம் அடிவாரத்திலேயே விட்டுவிட்டு, உச்சிவெயிலில் கொதிக்கிற பாறை மேல் குதித்துக் குதித்து ஏறி வந்தார்கள். குடும்பத் தலைவர் கையில் ஒயர் கூடை. கூடையில் தேங்காய், பழம், கற்பூரம். ஓடிப்போய், "ஐயா, இது கோயில் இல்லைங்க" என்று ஆரம்பித்து, தந்திக் கம்பியிலிருந்து துப்பாக்கிச் சூடு வரை முழுவதும் சொன்னேன்.

மனிதர் ஒரு வார்த்தை விடாமல் கேட்டார். ஐந்து பேரையும் சுட்ட கட்டம் வந்தபோது துண்டால் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என் பக்கம் குனிந்து கேட்டார்: "எல்லாம் சரிம்மா. மலை இருக்குது, படி இருக்குது, நாங்களும் வெறுங்கால்ல வந்துக்கினு இருக்கோம். மூலவர் எந்தப் பக்கம்?"

பார்டர்

அடுத்த அதிர்ச்சி ஒரு பட்டுக்கடையிலிருந்து வந்தது. கல்யாண சீசனுக்கு விளம்பரப் படம் எடுக்க ஒரு கூட்டம், குடை, லைட், மேக்கப் பெட்டி சகிதம் ஏறி வந்தது. வானம் நன்றாகத் தெரிகிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்புவதற்குள் கல் பலகைக்கே அரக்குப் புடவை சுற்றி, முந்தானையை மேலே விரித்துவிட்டார்கள்.

கத்தினேன். தியாகம் என்றேன், மரியாதை என்றேன், வெட்கமில்லையா என்றும் கேட்டேன். கேமராக்காரர் கோபப்படவே இல்லை. பொறுமையாகத் தன் கஷ்டத்தை எனக்கு விளக்கினார்: "மேடம், கருப்புக் கல்லுல ஜரிகை சூப்பரா எடுக்குது. நடுவுல இந்தப் பேருங்கதான் கொஞ்சம் டிஸ்டர்ப் பண்ணுது."

லோகு அக்காவின் வேண்டுதல்

இவர்களாவது வந்தார்கள், போனார்கள். லோகு அக்கா அப்படி இல்லை. எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் தறி நெய்கிறவர். தறியில் புதுப் பாவு நூல் ஏற்றுகிற அன்றைக்குச் சாமி கும்பிடாமல், ஊடு நூல் ஓட்டுகிற நாடாவைத் தொடமாட்டார். ஒருநாள் சும்மா மலையைப் பார்க்க வந்தவர், போகிற போக்கில் அந்தக் கல்லிடமும் மகனுக்கு ஒரு வேலை கேட்டிருக்கிறார். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது. கிடைக்காமல் இருந்திருக்கலாம் என்று நான் நினைத்தது பாவம்தான், ஆனால் நினைத்தேன். மறுவாரமே ஒரு கிண்ணம் நிறையச் சந்தனம் குழைத்துக்கொண்டு வந்து கல்லுக்குப் பூசிவிட்டார்.

சேதி தறித்தெருக்களில் பரவியது. விசாவுக்கு ஒருவர், நிலத்தகராறுக்கு ஒருவர், மருமகள் வீட்டுக்குத் திரும்பி வர ஒருவர். விளக்கு வைக்கிற இடம் கல்லின் அடி என்பதால் எண்ணெயும் சந்தனமும் அங்கேதான் அப்பியது. கடைசிப் பெயர் மறைந்தே போனது. அந்தப் பெயர் காதர் பாஷா. நான் வாளியும் பிரஷ்ஷுமாகத் தேய்த்தேன். காய்ந்த சந்தனம் எழுத்துக் குழிகளில் சிமெண்ட் மாதிரி இறுகியிருந்தது. கொஞ்சம் பெயர்த்தால் அடுத்த வாரம் அதற்கு மேல் புதுப்பூச்சு.

பராமரிப்புப் பொறுப்பாளரிடம் போய் நின்றேன். இது நினைவுச் சின்னம், பெயர்தான் இங்கே எல்லாமே, அதை மூடினால் அவர்களை இரண்டாவது முறை எரித்தது மாதிரி என்றேன். கல்லூரி மேடையில் இதற்குக் கைதட்டல் விழுந்திருக்கும். அவர் டீயை ஆற்றிக்கொண்டே என்னைப் பார்த்தார். "மாலை போட்டா மரியாதை, சந்தனம் பூசுனா அவமரியாதையா? இது என்னம்மா லாஜிக்? முன்னெல்லாம் இங்க ஆடுதான் வந்துக்கினு இருந்துச்சு."

விரல்

அந்த ஞாயிற்றுக்கிழமை லோகு அக்கா விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தார். நான் வாய்ச்சண்டைக்குத் தயாராகிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஷகீலா அக்கா தன் அத்தாவை, அதாவது அப்பாவை, தோளில் சாய்த்தபடி, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று, மேலே கொண்டுவந்து சேர்த்தார். ஷகீலா அக்கா ஊருக்குள் ஜரிகைக் கடை வைத்திருப்பவர். அவருடைய அத்தா, காதர் பாஷாவின் கடைசித் தம்பி. அண்ணனைச் சுட்டபோது சின்னப் பையன். அடக்கம் செய்த கபர் இல்லை, புகைப்படம் இல்லை. வருஷம் ஒருமுறை வந்து இந்தக் கல்லில் அண்ணன் பெயரைத் தொட்டுவிட்டுப் போவார். இப்போது பார்வை முழுக்கப் போய்விட்டது. அதனால் விரல்தான் கண்.

ஷகீலா அக்கா கல்லைப் பார்த்ததும் நின்றுவிட்டார். சொல்வதற்குள் பெரியவர் கை கல்லின் அடிப்பக்கம் போய்விட்டது. விரல் தடவியது. வழுவழுவென்று சந்தனம். இடப்பக்கம் போனது, வலப்பக்கம் வந்தது, மறுபடி இடப்பக்கம். அவர் குரலை உயர்த்தவே இல்லை: "ஷகீலா, பாய்ஜான் பேர எட்த்துட்டாங்களாம்மா?"

"அய்யய்யோ" என்று முதலில் கத்தியது லோகு அக்காதான். "இதுக்கு அடியிலயும் ஒருத்தர் இருக்காரா? எனக்குத் தெரியவே தெரியாதுபா!" எரிகிற விளக்கைத் தூக்கித் தள்ளி வைத்தார். புடவையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, அறுந்த பட்டு இழையை எடுக்கிற அதே லாவகத்தில் ஒவ்வொரு எழுத்தாகக் குடைய ஆரம்பித்தார். ஷகீலா அக்கா பாட்டில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தார். நான் துப்பட்டாவால் துடைத்தேன்.

"வந்துடுச்சு தாத்தா, தொட்டுப் பாருங்க" என்று லோகு அக்கா அவர் விரலைப் பிடித்து முதல் எழுத்தில் வைத்தார். விரல் இறங்கி ஏறி மெதுவாக நகர்ந்தது. பேசாமல் இருக்க அக்காவால் முடியுமா? "ரொம்ப சக்தியான ஆளு தாத்தா உங்க அண்ணன். எம் புள்ளைக்குக் கம்பெனில வேலை வாங்கிக் குடுத்ததே இவருதான்."

கடைசி எழுத்தில் விரலை நிறுத்திவிட்டுப் பெரியவர் சிரித்தார். "பாய்ஜானா? அவருக்கே கடைசி வரைக்கும் ஒரு வேலை கெடைக்கலியேம்மா!"

நாட்டுக்காகச் செத்த ஒருவரை மறக்கடிக்க எங்கள் ஊரில் பகையோ வெறுப்போ தேவையே இல்லை, ஒரு கிண்ணம் பக்தியும் கொஞ்சம் நல்லெண்ணெயும் போதும்.