வேலைக்குச் செல்வோர் தவிர

போன வாரம் ரத்தப் பரிசோதனைக்குப் போய்விட்டு, முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி வீட்டுக்குத் திரும்பினேன். மலாக்காவுக்குப் பக்கத்தில், புக்கிட் ரம்பாயில் நான் குடியிருக்கும் அடுக்குமாடியின் லிப்ட் கதவில் புதிதாக ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்கள் இரவு பத்து மணிக்கு மேல் வெளியே இருக்கக்கூடாது, மீறினால் பெற்றோர் விசாரணைக்கு அழைக்கப்படுவார்கள் என்று மூன்று மொழிகளில் எழுதியிருந்தார்கள். நாற்பது வருஷம் பத்திரிகையில் குப்பை கொட்டியவன் நான். எந்தத் தாளைப் பார்த்தாலும் இரண்டு விஷயங்களைத்தான் முதலில் தேடுவேன்: யார் சொன்னது, எந்த அதிகாரத்தில் சொன்னது. இரண்டும் அதில் இல்லை. மை போதாமல் பாதி விழுந்த ஒரு ரப்பர் முத்திரை மட்டும் இருந்தது.

குடியிருப்பாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் அந்த இரண்டு கேள்விகளையும் கேட்டேன். அறிவிப்புக்குப் பதினோரு கட்டைவிரல்கள் உயர்ந்திருந்தன. எனக்கு ஒரே ஒரு பதில் வந்தது: "அங்கிள், எல்லாம் பிள்ளைங்க நல்லதுக்குத்தான் லா."

அறிவிப்பின் கடைசி வரியைச் சொல்லவில்லையே. 'வேலைக்குச் செல்வோர் தவிர.' அதைப் படித்தபோது என் கையிலிருந்து ஸ்பிரிட் வாசனை வந்துகொண்டிருந்தது. அந்த வரியும் அந்த வாசனையும் சேர்ந்து வந்தால் நான் எங்கே போய் நிற்பேன் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். பத்து பெரண்டாம் என்ற ஊரில்தான்.

பத்திரிகையில் சேர்ந்த புதிதில் அங்கே ஒரு தாமானில், அதாவது குடியிருப்புப் பேட்டையில், நான்கு மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஓர் அறை எடுத்திருந்தேன். விற்கப்பட்ட ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்த குடும்பங்கள் அங்கே நிறைய. தோட்டத்து லய வீடுகளில் ஆளுக்கொரு பக்கம் ஓடித் திரிந்தவர்களை இரண்டு அறைக்குள் அடைத்து வைத்தது போலிருக்கும். பெண்பிள்ளைகளில் பாதிப் பேர் மின்னணுத் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். அவர்கள் போடும் நீலக் கோட்டில் ஸ்பிரிட் வாசனை அடிக்கும். உதிரி பாகங்களைத் துடைத்துத் துடைத்து ஏறியது. துவைத்தாலும் போகாது. மாடிப்படியில் அந்த வாசனை வந்தால் ஷிப்ட் மாறிவிட்டது என்று கடிகாரம் பார்க்காமலே சொல்லலாம்.

நான் அப்போது எப்படி இருந்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன். நிருபர் அட்டையை, வெளியே தெரியும்படி சட்டைப் பையில் குத்தியிருப்பேன். முடி வெட்டிக்கொள்ளும்போதுகூட எடுக்க மாட்டேன்.

அந்தத் தாமானில் ஒரே மாதத்தில் மூன்று மோட்டார் சைக்கிள்கள் காணாமல் போயின. காவல் குழு கூடி ஒரு விதி போட்டது: பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்கள் இரவு ஒன்பது மணிக்கு மேல் வெளியே நடமாடக்கூடாது. வேலைக்குச் செல்வோர் தவிர. அடுத்த மாதமே திருடனைப் பிடித்தார்கள். அவனுக்கு முப்பத்து நான்கு வயது, வேறு ஊர்க்காரன். செய்தியை எழுதியவன் நான்தான் என்பதால் வயது நன்றாக நினைவிருக்கிறது. முப்பத்து நான்கு வயதுக்காரர்கள் வெளியே வரக்கூடாது என்று யாரும் விதி போடவில்லை. பிள்ளைகள் மீது போட்ட விதி மட்டும் அப்படியே இருந்தது.

குழுவின் செயலாளரை எல்லாரும் கிராணி ஐயா என்பார்கள். தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். தோட்டம் போயும் பட்டம் போகவில்லை. விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவதைப் பெரட்டு என்போம். இருபது வருஷம் பெரட்டு எடுத்த மனிதர், கூப்பிடப் பேர் இல்லாமல் தவித்திருப்பார் போல. தாமான் நுழைவாயிலில் ஒரு தகரக் கொட்டகை போட்டு, டார்ச் லைட்டுடன் இரவுப் பெரட்டு எடுக்க ஆரம்பித்தார்.

என் அறைக்கு நேர் மேலே கலா என்ற பெண்ணின் வீடு. பள்ளியின் கடைசி வகுப்பான படிவம் ஐந்து, பதினாறு முடிந்து பதினேழு. அவளுடைய அக்கா அமுதா தொழிற்சாலையில் இருந்தாள். அப்பா லாரி ஓட்டினார். தோட்டத்தை விற்பதற்கு முன் நிலம் அளக்க வந்தவர்கள் முக்காலியில் கருவியை வைத்து ஒற்றைக் கண்ணால் பார்த்ததை, சின்னப் பெண்ணாக இருந்தபோது ஒரு நாள் முழுக்கப் பின்னாலேயே போய்ப் பார்த்தாளாம். அந்த வேலைக்குத்தான் போவேன் என்று நின்றாள். அதற்குக் கூடுதல் கணிதம் தேறியாக வேண்டும். பள்ளியில் அந்தப் பாடத்துக்கு ஆசிரியர் வருவதும் போவதுமாக இருந்தார். மலாக்கா நகரத்தில் ஒரு கடையின் மாடியில் ஓர் ஆசிரியர் வாரம் மூன்று நாள் மாலை டியூஷன் நடத்தினார். ஒன்பது மாணவர்கள். அதில் மூன்று பேர் எங்கள் கட்டடத்துப் பெண்கள். வகுப்பு முடிந்து பஸ் பிடித்து வந்து இறங்கினால் மணி ஒன்பதரை.

முதல் முறை கிராணி ஐயா எச்சரித்தார். இரண்டாம் முறை பேர் எழுதிக்கொண்டார். மூன்றாம் முறைக்கு அவர்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள்.

அதை நான் பஸ்ஸில் பார்த்தேன். கடைசி இருக்கையில் மூன்று பெண்களும் பள்ளிப் பையிலிருந்து நீலக் கோட்டை எடுத்து, கை எங்கே நுழைகிறது என்று தெரியாமல் சிக்கிக்கொண்டு, அதற்கு நடுவிலும் ஏதோ ஒரு கணக்கின் விடைக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அமுதாவும் அவள் தோழிகளும் கொடுத்த கோட்டுகள். தலைமுடியை மறைக்கும் தொப்பிகூட இருந்தது. கலா என்னைப் பார்த்துவிட்டாள்.

"அண்ணே, நீங்க ஒண்ணும் பாக்கல. சரியா?"

"எத பாக்கல?"

"அதான். நல்ல அண்ணன்."

நுழைவாயிலில் டார்ச் வெளிச்சம் அவர்கள் மேல் விழுந்தது. "ஓ.டி. முடிஞ்சு வர்றோம் ஐயா" என்றாள் கலா. "போங்க, போங்க" என்றார் அவர். அந்த மனிதருக்கு அவள் அப்பாவைத் தெரியும், தாத்தாவைத் தெரியும். ஆனால் நீலக் கோட்டுக்கு மேலே ஒரு முகம் இருக்கும் என்று அவர் நிமிர்ந்து பார்க்கவே இல்லை. ஒரு மாதத்துக்கு மேல் இப்படியே போனது. தேர்வுக்கு முந்தைய சோதனையில் அந்தப் பாடத்தில் கலா முதல் முறையாகத் தேறினாள்.

இனி என் பங்கு. ஞாயிறு பதிப்பில் சுவையான துணுக்குகளுக்கு ஓர் ஓரம் உண்டு. எட்டு வரிக்கு மேல் போகக்கூடாது. அந்த வாரம் கையில் ஒன்றும் சிக்கவில்லை. எழுதினேன். அந்தப் பெண்களைப் பாராட்டியும் விதியைக் கேலி செய்தும்தான் எழுதினேன். நல்ல எண்ணம், நல்ல நடை. பேர் போடவில்லை, தாமானைச் சொல்லவில்லை. 'பத்து பெரண்டாமில் மூன்று மாணவிகள்' என்று மட்டும் எழுதினேன். எண்ணிக்கை துல்லியமாக இருக்க வேண்டும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். துல்லியமாகத்தான் இருந்தது. பத்து பெரண்டாமில் கூடுதல் கணிதத்துக்கு நகரத்துக்குப் போய்வந்த பெண்கள் மூன்றே பேர்.

அன்று காலையில் ஒட்டுக்கடையில் என் துணுக்கை ஒருவர் உரக்கப் படித்துச் சிரிப்பதைக் கேட்டு, இன்னொரு தேநீர் வாங்கிக் குடித்தேன். அவ்வளவு சந்தோஷம்.

திங்கட்கிழமையிலிருந்து நுழைவாயிலில் தொழிற்சாலை அட்டையைக் காட்டச் சொன்னார்கள். அடுத்த ஞாயிறு மூன்று அப்பாக்களையும் கூப்பிட்டார்கள். கூட்டம் பாலர் பள்ளி அறையில் நடந்தது. வேறு நாற்காலி இல்லை. லாரி ஓட்டும் பெரிய உடம்பை ஐந்து வயதுப் பிள்ளையின் நாற்காலியில் திணித்து, முழங்கால் நெஞ்சைத் தொட உட்கார்ந்திருந்தார் கலாவின் அப்பா. கிராணி ஐயாவுக்கு மட்டும் ஆசிரியை நாற்காலி. நான் கதவோரம் நோட்டுப் புத்தகத்துடன் நின்றேன். கலா என் பக்கம் திரும்பவே இல்லை.

"பொம்பளப் புள்ளைங்க வேஷம் போட்டுக்கிட்டு வருது. நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா யாரு பொறுப்பு?" என்றார் கிராணி ஐயா.

"என்ன ஆவும் ஐயா? அந்த ரோட்ல எங்கள மறிக்கிற ஒரே ஆளு நீங்கதான்" என்றாள் கலா.

யாரோ சிரித்துவிட்டார்கள். "வாய மூடு" என்றார் அவள் அப்பா.

அமுதா எழுந்தாள். "அதே கோட்டப் போட்டுக்கிட்டு நான் ராத்திரி ஷிப்டுக்குப் போறேன். சேந்தப்ப எனக்கும் பதினேழுதான். அப்ப யாரும் கேக்கலியே லா?"

"நீ வேலைக்குப் போற. அது வேற."

"என்ன வேற? சொல்லுங்க ஐயா, என்ன வேற?"

பதில் சொல்ல வேண்டிய அவசியம் கிராணி ஐயாவுக்கு வரவில்லை. கலாவின் அப்பா அந்தச் சின்ன நாற்காலியிலிருந்து கையை ஊன்றி எழுந்து, "பெருசு பண்ணாதீங்க ஐயா. இனிமே அது டியூஷனுக்குப் போவாது" என்றார்.

'போவாது' என்று நான் எழுதிக்கொண்டேன். அந்த அறையில் பத்திரிகை அட்டை வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். அமுதாவின் கேள்வியை நானும் ஒருமுறை கேட்டிருந்தால் கிராணி ஐயா ஏதாவது சொல்லியாக வேண்டியிருந்திருக்கும். பார்வையாளன் குறுக்கே பேசக்கூடாது என்பது தொழில் மரியாதை என்று அப்போது நினைத்தேன். இப்போது அதற்கு வேறு பேர் வைத்திருக்கிறேன், அதை எழுத முடியாது. மறுவாரம் விதியைக் கண்டித்து நீளமாக ஒரு கட்டுரை கொண்டுபோனேன். துணையாசிரியர் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு, "இதான் போட்டாச்சே தம்பி" என்று திருப்பித் தந்தார்.

பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மில் கலாவுக்கு மற்ற பாடங்கள் எல்லாம் வந்தன, கூடுதல் கணிதம் வரவில்லை. முடிவு வந்த மறுவாரம் அக்காவின் தொழிற்சாலையிலேயே சேர்ந்தாள். முதல் ஷிப்டுக்குப் புறப்பட்ட இரவு, பத்தரை மணிக்கு அதே தகரக் கொட்டகை அருகில் பஸ்ஸுக்காக நின்றிருந்தாள். கோட்டு இப்போது அவளுடையது, மடிப்புக் கலையாத புதுசு. அவளுக்குப் பதினெட்டு ஆக இன்னும் ஏழு மாதம் இருந்தது. கிராணி ஐயா கொட்டகையிலிருந்து எட்டிப் பார்த்து, "கவனமா போயிட்டு வாம்மா" என்றார். அன்போடுதான் சொன்னார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்தத் தொழிற்சாலை பிறகு மூடப்பட்டது. கலாவை வீட்டுக்கு அனுப்பினார்கள். இப்போது மஸ்ஜித் தானாவில், மகன் குடும்பத்தோடு இருக்கிறாள் என்று கேள்வி. நான் போய்ப் பார்க்கவில்லை. ஒன்பதில் மூன்று பேர் குறைந்ததும் மாடி வகுப்பை அந்த ஆசிரியர் அவ்வருஷத்தோடு நிறுத்திவிட்டார். ஆள் இல்லை என்று அந்த நேரத்து பஸ்ஸையும் எடுத்துவிட்டார்கள். கிராணி ஐயா காலமானபின் கொட்டகையைப் பிரித்தார்கள், விதியை யாரும் ரத்து செய்யவில்லை. அதற்குத் தேவை இல்லாமல் போயிற்று. விடை சரியா தப்பா என்று சண்டை போட்டுக்கொண்டு ஒன்பதரை மணிக்கு அந்தச் சாலையில் நடந்து வர அதன்பின் எந்தப் பெண்ணும் இல்லை.