எல்லோரும் சப்பாத்தோடு வந்த நாள்

கட்டைபறிச்சானில் எங்கள் பள்ளிக்கூடம் முழுவதையும் ஒரு காலைப்பொழுதில் ஓடவைத்தவன் நான்தான். இதை இப்போது ஒப்புக்கொள்ளலாம். அந்த அதிபர் ஓய்வுபெற்றுவிட்டார். இனி அடிக்க ஏலாது.

அப்போது நான் ஐந்தாம் ஆண்டு. வகுப்பு வாங்கில் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் இருந்த சரித்திரம் எனக்கில்லை. அக்கா ஒன்பதாம் ஆண்டு. அதற்குமேல் எங்கள் பள்ளிக்கூடத்தில் வகுப்பில்லை. பத்தாம் ஆண்டுக்கு மூதூரில் உள்ள பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டும். அங்கே சப்பாத்துப் போடாமல் வந்தால் வாசலைத் தாண்ட விடமாட்டார்கள். எங்களிடம் இருந்தது ரப்பர் செருப்பு. அதிலும் என்னுடையதற்கு வார் அறுந்து ஊசி குத்தியிருந்தது. அப்பா வேறு ஆட்களுடைய வள்ளத்தில் கூலிக்குக் கடலுக்குப் போகிறவர். கொட்டியாரக் குடா குழம்பினால் எங்கள் வீட்டு அடுப்பும் குழம்பும்.

ஒருநாள் காலைக் கூட்டத்தில் அதிபர் அந்தச் செய்தியைச் சொன்னார். கஷ்டப்பட்ட பள்ளிக்கூடங்களுக்கு அரசாங்கம் சப்பாத்து வவுச்சர் கொடுக்கப்போகிறது. பிள்ளைக்கு ஒன்று. கடையில் நீட்டினால் ஒரு சோடி சப்பாத்து. ஆனால் அதற்கு முதல் கல்விக் கந்தோரிலிருந்து ஒரு அதிகாரி ஐயா வந்து எங்கள் நிலைமையைப் பார்ப்பாராம்.

"நாளைக்கு வழக்கமா வாற மாதிரியே வாங்கோ பிள்ளையள்" என்றார் அதிபர். இரண்டு தரம் சொன்னார்.

நடந்தால் மண் நோகாத அக்கா அன்று வீட்டுக்கு ஓடியே வந்தாள். "எனக்கும் கிடைக்கும்தானே அம்மா? அப்ப நான் மூதூருக்குப் போகலாம்தானே?" என்று நாலு தரம் கேட்டாள். அம்மாவுக்கோ வேறு கவலை.

"வழக்கமா வாற மாதிரியெண்டா? ஊத்தைக் காலோடயோ? கந்தோரால வாற மனிசன் எங்களைப் பற்றி என்ன நினைக்கும்?"

"சேர் அப்பிடித்தானம்மா சொன்னவர்."

"சேருக்கென்ன, அவரிட்டச் சப்பாத்திருக்கு."

அன்று பின்னேரம் அம்மா கிளிவெட்டிக்குப் புறப்பட்டார். அங்கே மாமா வீடு. மாமியோடு ஒரு கலியாண வீட்டுக் கோபத்தில் அம்மா இரண்டு வருடமாகக் கதைப்பதில்லை. அந்தக் கோபத்தை எங்கே இறக்கி வைத்தாரோ, திரும்பி வரும்போது கையில் பை இருந்தது. அக்காவுக்கு மச்சாளின் வெள்ளைச் சப்பாத்து. எனக்கு மாமாவின் கறுப்புச் சப்பாத்து. என்னுடையதில் இன்னொரு பெடியனையும் சேர்த்து ஏற்றலாம். அம்மா பேப்பரைக் கசக்கி உள்ளே திணித்தார். அக்காவுடையதில் கால் முழுதாகப் போகவில்லை. "விரலை மடிச்சுப் போடு. ஒரு நாளுக்குத்தானே" என்றார்.

மறுநாள் பள்ளிக்கூடத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, எங்கள் அம்மா மட்டும் அப்படி நினைக்கவில்லை என்று. ஊரில் இருந்த அத்தனை அம்மாமாரும் ஒரே மாதிரி நினைத்து, உறவு இருந்த ஊரெல்லாம் போய்ச் சப்பாத்து இரவல் வாங்கியிருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் நின்றவன் தன் அப்பாவின் கலியாணச் சப்பாத்தில் நின்றான். அதிபரின் முகம் வேர்த்துக் கொட்டியது.

கந்தோர் ஐயா வரிசையாகக் கால்களைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"என்ன அதிபர், எல்லாருக்கும் சப்பாத்திருக்கே?"

"அது வந்து ஐயா..."

"இதைவிடக் கஷ்டமான பள்ளிக்கூடங்கள் இருக்கு. நான் என்னத்தை எழுதுறது?"

அவர் பேனையை மூடினார். நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அழுவதற்கு முதல் வரும் முகம். எனக்கோ அவ்வளவு நேரம் அசையாமல் நின்றதில் கால் முழுக்க எறும்பு ஊர்ந்தது. வாய் தானாகத் திறந்தது.

"ஐயா, எங்களை ஒருக்கா ஓடவிட்டுப் பாருங்கோ!"

அதிபர் கண்ணாலேயே எனக்கு இரண்டு போட்டார். ஐயா குனிந்து, "ஏன் தம்பி?" என்று கேட்டார்.

"ஓடினாத் தெரியும் ஐயா, ஆர்ட காலில ஆர்ட சப்பாத்தெண்டு."

அவர் என்னையும் மாமாவின் சப்பாத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி, அந்த வேம்பு வரைக்கும் எல்லாரும் ஓடுங்கோ!"

அப்படி ஒரு ஓட்டத்தை நான் பிறகு பார்த்ததில்லை. கலியாணச் சப்பாத்து இரண்டும் புறப்பட்ட இடத்திலேயே நின்றன. அவன் மட்டும் போனான். என்னுடையது ஒன்று பறந்துபோய்த் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்தது. மைதானம் சப்பாத்துக்கடை மாதிரி ஆயிற்று. ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். பிறகு பேனையைத் திறந்து எழுதினார். பெடியள் என்னைத் தோளில் தூக்கினார்கள்.

அக்கா வேம்பின் அடியில் இருந்தாள். மச்சாளின் சப்பாத்து முன்பக்கம் வெடித்து, அடித்தோல் குதிவரை பிளந்திருந்தது. அதைக் கையால் அமத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள், பிடித்தால் ஒட்டிவிடும் என்பதுபோல.

"ஏனடா உனக்கு இந்த வாய்?"

"வவுச்சர் வருது! பிறகென்ன?" என்றேன் நான்.

விடுமுறைக்கு முதலே வவுச்சர் வந்தது. மூதூர்க் கடையில் எனக்கு என் அளவில் ஒரு சோடி எடுத்தோம். அக்காவின் வவுச்சரை நீட்டி, அம்மா வேறோர் அளவு சொன்னார். கடைக்கார நானா அக்காவின் காலைப் பார்த்தார்.

"இது புள்ளட காலுக்குக் காணாதே."

"தெரியும் நானா. கட்டுங்கோ."

அந்தப் பெட்டி அங்கிருந்து நேரே கிளிவெட்டிக்கு, மாமி வீட்டுக்குப் போயிற்று.

தை மாதம் பத்தாம் ஆண்டு தொடங்கியதும் அக்கா ரப்பர் செருப்போடு இரண்டு நாள் மூதூருக்குப் போனாள். இரண்டு நாளும் மாணவத் தலைவிகள் வாசலில் மறித்து நிற்பாட்டினார்கள். மூன்றாம் நாள் வயிற்றுக்குத்து என்றாள். "அடுத்த கிழமை ஒரு சோடி பாப்பம்" என்று அப்பா சொன்னார். அடுத்த கிழமை கடல் குழம்பியது. அதற்கடுத்த கிழமையும்.

மத்தியானம் நான் புதுச் சப்பாத்து சத்தம் போட வீட்டுக்கு வருவேன். முற்றத்தில் அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பாள். கணக்குப் பாடம் இல்லை, பிரம்பு இல்லை, வாங்கில் அசையாமல் இருக்கவேண்டியதும் இல்லை. எனக்குப் பொறாமையில் வயிறு எரிந்தது.

"உனக்கு நல்ல சுகம் அக்கா" என்றேன் ஒருநாள்.

அவள் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு, என் சப்பாத்து நாடாவை அவிழ்த்துக் கழற்றி, மண்ணைத் தட்டி, வாசலில் சோடி சேர்த்து வைத்தாள்.