ஐந்தாவது பிடரி

இடது கன்னத்தை மழித்து முடித்ததும் கத்தி நின்றுவிடும். வலது கன்னத்தில் நுரை காய்ந்துகொண்டிருக்கும். சலூன்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சார், பத்து லட்சத்துல ஒருத்தருக்குத்தான் வரும் இந்த நோய்" என்று ஆரம்பிப்பது அப்போதுதான். பாதி முகத்தோடு எந்த மனிதன் தெருவில் இறங்கி ஓடுவான்? பவுடர் டப்பாவுக்குப் பக்கத்தில் உண்டியல். அதன்மேல் அந்த நோயில் போய்ச் சேர்ந்த மனைவியின் படம். உள்ளே ஏதாவது விழுகிற சத்தம் கேட்டால்தான் வலது கன்னத்துக்கு விடுதலை. சத்தத்துக்காகவே சட்டைப் பொத்தானைப் பிய்த்து உள்ளே போட்டுவிட்டுப் போன புண்ணியவான்களும் உண்டு.

'நினைவு ஆராய்ச்சி நிதி' என்ற பலகை கடையின் பெயர்ப்பலகையைவிடப் பெரியது. தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம் அவரே. கடை விடுமுறை நாளில் செயற்குழு கூடும். அதாவது, அவர் தனியாக நின்று கண்ணாடியைப் பார்த்துப் பேசிப் பழகுவார். குரல் எங்கே தழுதழுக்க வேண்டும் என்பது அத்துபடி. "ஊர்ல இருக்கிற தலையெல்லாம் பாத்தவன் சார் நான். எம் பொண்டாட்டி தலையைப் பாக்காம விட்டுட்டேனே!" அந்த இடத்தில் கத்தியைத் துணியில் ஒரு துடை துடைப்பார்.

பேச்சு நாடகம்தான்; விஷயம் பொய்யில்லை. நோய் முதலில் தலைகாட்டுவது பிடரியில். நாணயம் அளவுக்கு ஒரு நீலத் திட்டு. அங்கே முடி சீப்போடு வந்துவிடும், குத்தினால் உறைக்காது. அவள் கொண்டைக்கு அடியில் அது நான்கு வருடம் சொகுசாகக் குடியிருந்தது.

இந்த வருடத் தொடக்கத்தில், நிதி போய்ச் சேரும் ஆராய்ச்சி மருத்துவரிடமிருந்து கடிதம் வந்தது. பணத்துக்கு நன்றி; ஆனால் மருந்தைச் சோதிக்க ஐந்து நோயாளிகளாவது வேண்டும், நான்கு பேர்தான் இருக்கிறார்கள்; இந்த வருடம் முடிவதற்குள் இன்னொருவர் கிடைக்காவிட்டால் ஆய்வை மூட வேண்டியதுதான்.

அன்றிலிருந்து அவர் கை முடியை வெட்டுகிறது, கண் பிடரியை மேய்கிறது. கொசுக்கடியைக் கண்டால்கூட மூச்சு சூடாகக் கழுத்தில் படும்படி குனிந்துவிடுவார். ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் முகம் தொங்கிப்போகும்.

"எனக்கு ஒண்ணும் இல்லேன்னா உனக்கு ஏன்யா துக்கம்?" என்று கேட்டவர் இன்சூரன்ஸ் ஏஜென்ட். பதினைந்து வருட வாடிக்கை. 'பிடரி டாக்டர்' என்ற பட்டத்தைத் தெரு முழுக்கப் பரப்பியது அவர் கைங்கரியம். உண்டியலுக்குப் பயந்து, நுரையோடு எழுந்து வீட்டுக்குப் போய் மீதிக் கன்னத்தைத் தானே மழித்துக்கொண்ட ஒரே வீரரும் அவர்தான்.

போன சனிக்கிழமை காலை, துணியைப் போர்த்தியதுமே ஆரம்பித்தார். "என்ன டாக்டர், அஞ்சாவது ஆள் மாட்டினானா? வருஷம் முடிய மூணே வாரம். பேசாம ஒரு விளம்பரம் குடு. 'நோயாளி தேவை. முன்அனுபவம் அவசியமில்லை.'" தன் ஜோக்குக்குத் தானே குலுங்கினார்.

"தலையை ஆட்டாதீங்க சார்."

பிடரியில் இறங்கிய சீப்போடு ஒரு கொத்து முடி வந்தது. அடியில், போன மாதம் இல்லாத நீலம். சலூன்காரர் சீப்பின் ஓரப் பல்லை அதில் வைத்து அழுத்தினார். இன்னும் அழுத்தினார். ஏஜென்ட், "மெதுவாப்பா" என்றுகூடச் சொல்லவில்லை. விளம்பரத்துக்கு அடுத்த வரி யோசித்துக்கொண்டிருந்தார்.

"'சாப்பாடு, தங்குமிடம் இலவசம்'னு போட்டுக்கோ. என்னய்யா, பல்லெல்லாம் தெரியுது? லாட்டரி விழுந்துச்சா?"

சலூன்காரர் நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தார். உண்மைதான். தன் முகம் கல்யாண வீட்டு வாசல்போல் மலர்ந்திருந்தது. அதற்குக் கீழே, துணிக்கு மேலே, ஏஜென்டின் சிரித்த தலை. சலூன்காரர் வாயை மூடிக்கொண்டார்.

"சார்..." என்றார். இத்தனை செயற்குழுக் கூட்டங்களில் பழகிய பேச்சில், நோய் வந்தவனிடம் சொல்ல ஒரு வரிகூட இல்லை.

"இன்னைக்குச் சொற்பொழிவு கிடையாதா? அப்பாடா, பிழைச்சேன்! சரி, பின்னாடி காட்டு, பாப்போம்."

கைக்கண்ணாடியை எடுத்துப் பிடரிக்குப் பின்னால் கொண்டுபோனவர், பாதியில் நிறுத்தி, அதை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். முக்காலியை இழுத்துப் போட்டு ஏஜென்டின் எதிரில் உட்கார்ந்தார். போர்த்திய துணிக்குள் கையை விட்டு, அவர் கையைத் துழாவிப் பிடித்துக்கொண்டார்.