நான்காம் குழியில் கத்தியது

எனக்குப் பொறுமை கிடையாது. இன்றைக்கும் கிடையாது, இருபத்தைந்து வயதில் சுத்தமாகக் கிடையாது. அப்படிப்பட்டவன் கோல்ஃப் ஆடப் போனதே தப்பு.

பாம்பன் பாலத்துக்கு இக்கரையில் உள்ள மண்டபம் என்ற ஊரில் அப்போது ஒரு கோல்ஃப் மைதானம் இருந்தது. வெள்ளைக்கார அதிகாரிகள் தங்களுக்கென்று போட்டுக்கொண்டது. அவர்கள் கப்பலேறிய பிறகு, சும்மா கிடக்க வேண்டாமென்று எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். மாதச் சந்தா ஒரு சினிமா டிக்கெட் அளவுதான் இருக்கும். என்னைப் போன்ற குமாஸ்தாக்களும் தந்தி ஆபீஸ்காரர்களும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடினோம். புல் என்று பேருக்குக்கூட ஒன்று கிடையாது. அந்த உப்புக்காற்றில் எது முளைக்கும்? எல்லாம் மணல்தான். குழியைச் சுற்றி மட்டும் பழைய எஞ்சின் எண்ணெயை மணலோடு கலந்து உருளை ஓட்டி வைத்திருப்பார்கள். பந்தை வைத்து அடிக்க ஆளுக்கொரு தென்னைநார் மிதியடித் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அலைவோம். கடல் பக்கம் ஓடிய பந்து நண்டு வளைக்குள் விழுந்தால் போனதுதான்.

ஆனால் சட்டத்துக்கு மட்டும் குறைச்சல் இல்லை. அடிக்கிற திசையில் ஆள் நடமாட்டம் இருந்தால் 'ஃபோர்' என்று எச்சரிக்க வேண்டும். எங்கள் வாயில் அந்த இங்கிலீஷ் 'ஃபோர்' ஒழுங்காக நுழையாது. கச்சான் காற்றைத் தாண்டிக் கேட்க வேண்டுமானால் இழுத்துக் கத்தவும் வேண்டும். அதனால் 'போ...ரே!' என்றுதான் கத்துவோம். எங்கள் சீமையில் 'ரே'யும் 'றே'யும் காதுக்கு ஒன்றுதான். அதை நான் அதுவரை யோசித்துப் பார்த்ததில்லை.

அன்றைக்கு விடுமுறை. எங்கள் தலைமைக் குமாஸ்தாவோடு காலையிலேயே ஆடினேன். மூன்று குழி முடிந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக அவரை நான் முந்தியிருந்தேன். நான்காம் குழிக்கு மட்டையை ஓங்கும்போது, குறுக்கே போகிற மீனவர் ஒற்றையடிப் பாதையில் நாலு பேர் ஒரு கயிற்றுக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கட்டிலில் ஒருவர் படுத்திருந்தார். முன்னால் கையில் ஜெபமாலையோடு ஒரு அம்மா வேகமாக நடந்துகொண்டிருந்தாள்.

"அவுக தாண்டட்டும்யா" என்றார் தலைமைக் குமாஸ்தா.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கை சூடாக இருக்கும்போதே அடித்துவிட வேண்டும். அவர்கள் மைதானத்தைத் தாண்டியும் தாண்டாமலும் இருக்கும்போது, அவர்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து தொண்டை கிழியக் கத்தினேன்: "போ...ரே!"

பந்து அவர்களுக்கு வெகு உயரத்தில் பறந்துபோய் விழுந்தது. ஆனால் அந்த அம்மா அப்படியே நின்றுவிட்டாள். கட்டிலை மணலில் இறக்கினார்கள். பந்துக்குப் பயந்துதான் சண்டைக்கு நிற்கிறார்கள் என்று நினைத்து, பதில் சண்டைக்குத் தயாராகவே போனேன்.

"நல்ல காரியமாப் போறவுகளப் பின்னாடி நின்னு எங்க போறேன்னு கேக்கலாமாய்யா?" என்றாள் அவள். "மாதாவக் கும்பிட்டுட்டு வாசலத் தாண்டி வாரோம். இப்பிடிக் கேட்டுப்புட்டீகளே."

அவளுடைய புருஷன்தான் கட்டிலில் கிடந்தவர். திருக்கை மீனின் வால் முள் காலில் ஏறி நாலைந்து நாளாகியிருந்தது. பச்சிலை வைத்துக் கட்டியிருந்த கால் முழங்கால்வரை கறுத்திருந்தது. பக்கத்தில் போனதும் நாற்றம் அடித்தது. காலை ரயிலில் ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள். அதை விட்டால் சாயங்காலம்தான் அடுத்த ரயில்.

"நான் எங்க போறேன்னு கேக்கலம்மா. அது இங்கிலீஷ். பந்து வருது, ஒதுங்குங்கன்னு அர்த்தம்."

"'போறே'ன்னு என் காதால கேட்டேன்யா. வீட்டுக்குத் திரும்பிப் போயி, செத்த ஒக்காந்து தண்ணி குடிச்சிட்டுத்தான் பொறப்படணும்."

"ரயில் போயிரும்மா!"

"போனாப் போகட்டும். சகுனத்த மீறிப் போயி இவுகளுக்கு ஒண்ணு ஆயிட்டா?"

நான் கத்தினேன், கெஞ்சினேன். தூக்கி வந்தவர்கள் ஆளுக்கொன்று பேசினார்கள். கிழக்கே பாம்பன் பாலத்தில் ரயில் ஊர்ந்து வருவது தெரிந்தது. கடைசியில் கட்டிலில் கிடந்தவரே கண்ணைத் திறந்தார்.

"ஏலே, கேட்டவரையும் கூட வரச் சொல்லுங்கடா. கூட வாரவுகளுக்கு எங்க போறோம்னு தெரியும்ல? அப்பறம் என்ன கேள்வி?"

அந்த அம்மா "சரி" என்று ஜெபமாலையை மடியில் செருகினாள். பிறகு என்னைப் பார்த்தாள். பின்னாலேயே வந்திருந்த தலைமைக் குமாஸ்தாவிடம் மட்டையைக் கொடுத்துவிட்டு, தூக்கி வந்தவர்களில் ஒருவர் விலக, கட்டிலின் ஒரு காலை நான் பிடித்துக்கொண்டேன்.

ஓடினோம். மணலில் கால் புதைந்தது. எனக்குப் பழக்கமில்லாத பாரம். இரண்டு தடவை என்னால்தான் கட்டில் சாய்ந்தது, இரண்டு தடவையும் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு முனகினார். ஸ்டேஷன் வேலியை நாங்கள் தொட்டபோது கடைசிப் பெட்டி பிளாட்பாரத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது.

யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ரோட்டில் நின்று வந்த வண்டிக்கெல்லாம் கை காட்டினேன். வெகுநேரம் கழித்து ஒரு கருவாட்டு லாரி நின்றது. ராமநாதபுரம் போய்ச் சேரும்போது உச்சிவெயில். வழியெல்லாம் நான் அந்தக் காலையே பார்த்துக்கொண்டு வந்தேன். கறுப்பு முழங்காலைத் தாண்டி ஏறுகிறதோ என்று ஒரு சந்தேகம். ஏறுகிறது என்றுதான் பட்டது. ஒரு மனுஷனின் காலை என் வாய் தின்றுவிட்டது என்று நினைத்தேன்.

டாக்டர் கட்டை அவிழ்த்துப் பார்த்தார். "காலை எடுத்தாகணும். இன்னிக்கே" என்றார்.

அந்த அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். நான் கேட்டுவிட்டேன்: "காலை ரயில்லயே கொண்டாந்திருந்தா, டாக்டர்?"

அவர் கை கழுவிக்கொண்டே சொன்னார். "காலையில வந்தாலும் இதேதான். மூணு நாளைக்கு முன்னாடி வந்திருக்கணும்."

"அப்பாடா" என்றேன்.

மனசுக்குள் சொன்னதாகத்தான் நினைத்தேன். வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன். டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். அந்த அம்மாவும் பார்த்தாள். என் முகத்தில் அந்தச் சந்தோஷம் அப்பட்டமாகத் தெரிந்திருக்கும், மறைக்க நேரமில்லை. அவளுக்குக் கோபம் வந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

"ஒங்க மேல தப்பு ஒண்ணும் இல்லையாம்ல" என்றாள் மெதுவாக. "இனி நாங்க பாத்துக்கிறோம். நீங்க வீட்டுக்குப் போங்கய்யா."

இருக்கிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் புருஷனின் தலைமாட்டுக்குப் போய்விட்டாள்.